பயணத்துக்கு முன் காலராத் தடுப்பு மருந்து: யாருக்கு, எது, எப்படி?

விசா ஏற்பாடு செய்யும் முகவர், "காலரா தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்" என்கிறார். அப்பாவின் பழைய மஞ்சள் புத்தகத்திலும் (சர்வதேசத் தடுப்பூசிச் சான்றிதழ்ப் புத்தகம்) காலராவுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. இன்றும் இது கட்டாயமா?

இல்லை. நுழைவு அனுமதிக்காகக் காலரா மருந்து போட்டிருக்க வேண்டும் என்று இப்போது எந்த நாட்டிலும் விதி கிடையாது. அப்பாவின் புத்தகத்தில் அந்தப் பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் சர்வதேச சுகாதார விதிகளே அதைக் கேட்டன. ஊசி போட்ட 6 நாள் கழித்துச் சான்றிதழ் செல்லுபடியாகும், 6 மாதத்தில் காலாவதியாகிவிடும். அந்த ஊசியோ கை வீங்க வைக்கும், பாதிப் பேருக்குத்தான் பலன் தரும், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். இப்படிப்பட்ட ஊசியால் நோய் எல்லை தாண்டுவதைத் தடுக்க முடியாது என்பது தெளிவானதும், 1973இல் உலக சுகாதாரப் பேரவை அந்த நிபந்தனையை நீக்கியது.

இன்று மஞ்சள் புத்தகம் முக்கியமாகத் தேவைப்படுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக. முகவர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். போகும் நாட்டின் தூதரக அறிவிப்பை நீங்களே ஒருமுறை பாருங்கள். காலராத் தடுப்பு மருந்து (இப்போது வாயால் குடிக்கும் மருந்து) எடுத்துக்கொண்டால் மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிவையுங்கள். எல்லையில் காட்ட அல்ல, அடுத்த தவணைக் கணக்குக்கு அது தேவைப்படும்.

காலரா பரவுவதாகச் செய்தி வந்த நாட்டுக்கு இரண்டு வாரம் சுற்றுலா போகிறோம். நல்ல ஓட்டலில்தான் தங்குவோம். மருந்து வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சாதாரணச் சுற்றுலாப் பயணிக்குக் காலரா வருவது மிக அபூர்வம். செய்தியில் நாட்டின் பெயர் வந்தது என்பதற்காக மட்டும் யாரும் மருந்து குடிக்கத் தேவையில்லை. எங்கே தூங்குவீர்கள், எந்தத் தண்ணீரைக் குடிப்பீர்கள், உடம்பு சரியில்லாமல் போனால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனையை அடைவீர்கள் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

மருந்து கண்டிப்பாக யோசிக்க வேண்டியவர்கள் இவர்கள்: பரவல் நடக்கும் இடத்தில் வேலை செய்யப்போகும் மருத்துவர், செவிலியர், நிவாரணப் பணியாளர்; அகதி முகாமில் தங்குபவர்; வெள்ளமோ நிலநடுக்கமோ வந்த பகுதிக்குப் போகிறவர்; குழாய் நீரும் கழிப்பிடமும் சரியில்லாத சிற்றூரில் மாதக்கணக்கில் உறவினர் வீட்டில் இருக்கப்போகிறவர். கடைசியாகச் சொன்னவர்கள் தங்களைப் பயணிகளாகவே நினைப்பதில்லை, அதனால் மருத்துவரிடமும் கேட்பதில்லை. ஓட்டல் பயணியைவிட இவர்களுக்கே ஆபத்து அதிகம்.

நோய் வந்தால் உடம்பு தாங்காது என்ற நிலையில் இருப்பவர்கள் இன்னொரு வகை. நாள்பட்ட சிறுநீரக நோய், இதய நோய், வயிற்றை அறுவை செய்து பகுதியாக நீக்கியவர்கள் இதில் அடங்குவார்கள். O வகை ரத்தம் உள்ளவர்களுக்குக் காலரா வந்தால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதும் நிரூபணமான செய்திதான். ஆனால் ரத்த வகையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நல்ல ஓட்டல் என்பதிலும் ஒரு எச்சரிக்கை. 1992 பிப்ரவரியில் பியூனஸ் அயர்ஸிலிருந்து லிமா வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போன ஒரு விமானத்தில் 75 பேருக்குக் காலரா வந்தது, ஒருவர் இறந்தார். லிமாவில் ஏற்றிய குளிர்ந்த கடலுணவு சாலட் மீதுதான் சந்தேகம் விழுந்தது. பரிமாறும் தட்டு பளபளப்பாக இருந்தாலும், சூடு படாத உணவு சூடு படாத உணவுதான்.

நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒமெப்ரசோல் சாப்பிடுகிறேன். காலராவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும்.

காலராக் கிருமிக்கு அமிலம் ஆகாது. வயிற்று அமிலம் நன்றாகச் சுரப்பவருக்கு நோய் வர வேண்டுமானால் கோடிக்கணக்கில் கிருமிகள் உள்ளே போக வேண்டும். அமிலத்தைத் தணித்துவிட்டால் அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவானதே போதும். தன்னார்வலர்களுக்குச் சமையல் சோடாவோடு கிருமியைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் தெரிந்த விஷயம் இது. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ராபிப்ரசோல் எல்லாம் செய்வதும் அதைத்தான்: கிருமிக்குக் கதவைத் திறந்துவைக்கின்றன.

ஆகவே ஆபத்தான இடத்துக்குப் போகும்போது, தினமும் அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ள வலுவான காரணம் இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது உண்மையிலேயே இன்னும் தேவைதானா என்று பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். பழக்கத்தில் தொடர்கிறவர்கள்தான் பலர். மருந்து குடிக்கும் நாளில் மாத்திரைக்கும் மருந்துக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள்.

டுகோரல் என்னும் காலராத் தடுப்பு மருந்தை வாங்கினோம். ஒரு சிறு குப்பியும் ஒரு பொடிப் பொட்டலமும் இருக்கின்றன. எப்படிக் கலக்க வேண்டும்? பொடி எதற்கு?

முதலில் பொடி எதற்கு என்று தெரிந்துகொண்டால் கலக்கும் முறை தானாகப் புரியும். டுகோரலில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, செத்த காலராக் கிருமிகள். மற்றொன்று, காலரா நச்சின் B பகுதி. நச்சில் A, B என்று இரண்டு பகுதிகள் உண்டு. B குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், A உள்ளே போய் உப்பும் தண்ணீரும் கொட்டுகிற மாதிரி குடலை மாற்றிவிடும். B மட்டும் தனியே இருந்தால் தீங்கு இல்லை. அதைப் பார்த்து உடல் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும். ஆனால் B பகுதி வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும். அதைக் காப்பாற்றத்தான் அந்தப் பொடி. சோடியம் பைகார்பனேட் கலந்த, நுரைத்துக் கரையும் பொடி அது.

செய்முறை: ஒரு டம்ளரில் சுமார் 150 மில்லி குளிர்ந்த குடிநீர் எடுத்துப் பொடி முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். நுரை அடங்கட்டும். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் மருந்து படிந்திருக்கும். 3 மில்லி மருந்து முழுவதையும் டம்ளரில் ஊற்றிக் கலக்கிக் குடியுங்கள். கலந்த 2 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் சாப்பாடு, பானம், வாய்வழி மருந்து எதுவும் கூடாது.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் சில. பால், பழச்சாறு, சோடா ஆகியவற்றில் கலப்பது முதல் தவறு. பொடி அமிலத்தைத் தணிப்பதற்கென்று அளந்து வைத்தது, பழச்சாற்றின் புளிப்பு அந்தக் கணக்கைக் கெடுக்கும். குலுக்காமல் ஊற்றி, மருந்தில் பாதியைக் குப்பியிலேயே விட்டுவிடுவது இரண்டாவது. பொடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குப்பி மருந்தை மட்டும் குடிப்பது மூன்றாவது. குப்பியில் அடைத்துத் தருவதால் ஊசி மருந்து என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை ஒருபோதும் ஊசியாகப் போடக் கூடாது.

உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு தகவல்: ஒரு தவணையில் சுமார் 1.1 கிராம் சோடியம் போகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறைநிலைப் பெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் அது குப்பைக்குத்தான்.

முதல் தவணை குடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. வேலைப் பளுவில் இரண்டாவதை விட்டுவிட்டேன். இப்போது குடிக்கலாமா?

டுகோரல் என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கும் 6 வயது நிறைந்த குழந்தைகளுக்கும் இரண்டு தவணை. இடைவெளி குறைந்தது ஒரு வாரம், அதிகபட்சம் 6 வாரம். 6 வாரம் தாண்டினால் பழைய தவணை கணக்கில் வராது.

இரண்டையும் ஒழுங்காக முடித்தவர் 2 ஆண்டுக்குள் மறுபடி ஆபத்தான இடத்துக்குப் போனால் ஒரே ஒரு ஊக்கத் தவணை போதும். 2 ஆண்டு கடந்துவிட்டால் மறுபடி இரண்டும்.

ஒரே தவணையில் முடிகிற மருந்து இருக்கிறதாமே? அதையே வாங்கலாமா?

வாக்ஸ்கோரா. அமெரிக்காவில் 2016 ஜூனில் 18 முதல் 64 வயதுக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2020 டிசம்பரில் 2 வயதிலிருந்து கொடுக்கலாம் என்று விரிவாக்கினார்கள். கிடைக்கும் நாடுகள் குறைவு. இது உயிருள்ள, வலுவிழக்க வைத்த கிருமி. நச்சின் A பகுதியை உருவாக்கும் மரபணுவின் பெரும்பகுதியை நீக்கிய கிருமி என்பதால் குடலில் சற்றுக் காலம் வாழ்ந்து எதிர்ப்பாற்றலைத் தூண்டும், காலராவை உண்டாக்காது. மருந்து குடித்த தன்னார்வலர்களுக்குப் பிறகு நிஜக் கிருமியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 10ஆம் நாளில் 90 சதவீதமும் 3 மாதத்தில் 80 சதவீதமும் பாதுகாப்பு இருந்தது.

ஒரே தவணை என்பது வசதிதான். ஆனால் உயிருள்ள மருந்து என்பதால் கவனிக்க வேண்டியவை கூடுகின்றன, சொதப்பவும் வழிகள் அதிகம்.

இதில் இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் அமிலம் தணிக்கும் பொடி, மற்றொன்றில் கிருமிப் பொடி. 100 மில்லி பாட்டில் தண்ணீரில் அமிலம் தணிக்கும் பொடியை முதலில் கரைத்து, அது முழுதாகக் கரைந்த பிறகே கிருமிப் பொடியைப் போட வேண்டும். குறைந்தது 30 விநாடி கலக்கி 15 நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். கிருமிப் பொடி ஒட்டுமொத்தமாகக் கரையாமல் சில துகள்கள் மிதக்கலாம், பரவாயில்லை. வரிசை மாறிப் போட்டுவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். தண்ணீரில் கிருமியைக் கொல்லவே குளோரின் போடுகிறார்கள், மருந்தில் இருப்பதும் கிருமிதான். வெந்நீரும் வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வெறும் வயிறு என்பது இதற்கும் உண்டு.

அடுத்தது ஆன்டிபயாடிக். கடந்த 14 நாளுக்குள் எதற்காகவாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் இந்த மருந்து வேண்டாம், மருந்து குடித்த 10 நாள் வரையும் தவிர்க்க வேண்டும். பல்வலிக்குப் போட்ட மாத்திரையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பயணிகள் பலர் இடறுகிறார்கள்: மலேரியாவுக்குத் தினமும் டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக்கைச் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள், அது மருந்தில் உள்ள காலராக் கிருமியையும் கொன்றுவிடும். இன்னொரு மலேரியா மாத்திரையான குளோரோகுயின் தொடங்குவதாக இருந்தாலும் காலரா மருந்து குடித்து 10 நாள் கழித்தே தொடங்க வேண்டும். மலேரியா மாத்திரையும் காலரா மருந்தும் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதித் தந்தால் இந்த மோதல் யார் கண்ணிலும் படாது. இரண்டு சீட்டையும் ஒருவரிடமே காட்டுங்கள்.

மருந்துக் கிருமி குறைந்தது 7 நாளுக்கு மலத்தில் வெளியேறும். வீட்டில் கீமோதெரபி எடுத்துக்கொள்பவரோ உறுப்பு மாற்றம் செய்தவரோ இருந்தால் கழிப்பறைக்குப் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கே மருந்து வேண்டுமென்றால் செத்த கிருமி மருந்தே பொருத்தம்.

எங்கள் தொண்டு நிறுவனத்தில் பிளாஸ்டிக் குழாயில் அடைத்த மருந்தைக் கொடுத்தார்கள். பொடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. சரியான மருந்துதானா?

சரியான மருந்துதான். யூவிகோல்-பிளஸ் அல்லது அதே வகைத் தடுப்பு மருந்தாக இருக்கும். இதே வகையில் ஐதராபாத்தில் தயாரான ஷான்கோல் 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்றது. இவற்றில் B பகுதி கிடையாது. செத்த கிருமிகள் மட்டுமே. அமிலத்தால் கெட்டுப்போக ஒன்றும் இல்லாததால் பொடி தேவையில்லை. குலுக்கி, முனையைத் திருகி எடுத்து, 1.5 மில்லியையும் வாயில் பிழிந்து விழுங்க வேண்டியதுதான். விழுங்கிய பின் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். 1 வயதிலிருந்து கொடுக்கலாம். இரண்டு தவணை, 2 வார இடைவெளி.

ஷான்கோலைக் கொல்கத்தாவில் 5 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில் மொத்தப் பாதுகாப்பு 65 சதவீதம். டுகோரல் முதல் 6 மாதம் இதைவிட மேலாக, சுமார் 85 சதவீதம் வரை காக்கும், பிறகு சரியும். எத்தனை நாளுக்குத் தேவை என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

ஒரு தவணை மட்டுமே கொடுத்தார்கள் என்றால் அதற்கும் காரணம் இருக்கும். 2013இல் தொடங்கிய உலகளாவிய அவசர இருப்பிலிருந்து போகும் மருந்து இது. 2022 அக்டோபரில் தட்டுப்பாடு முற்றியபோது, பரவல் நடக்கும் இடங்களில் ஒரே தவணை கொடுத்து அதிகம் பேரைக் காப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒரு தவணை குறுகிய காலத்துக்கு உதவும். நீண்ட நாள் களத்தில் இருக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டாவது தவணையைக் கேட்டு வாங்குங்கள்.

4 வயது மகனையும் அழைத்துப் போகிறோம். மனைவி 5 மாதக் கர்ப்பிணி. இருவருக்கும் கொடுக்கலாமா?

மகனுக்குக் கொடுக்கலாம், அளவு முறை வேறு. டுகோரலில் 2 முதல் 6 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 3 தவணை, ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது ஒரு வாரம், 6 வாரத்தைத் தாண்டக் கூடாது. பொடியை 150 மில்லியில் கரைத்து அதில் பாதியைக் கொட்டிவிடுங்கள். மீதி 75 மில்லியில் குப்பி மருந்தை முழுதாகச் சேருங்கள். பாதியாக வேண்டியது பொடித் தண்ணீர் மட்டும், மருந்து அல்ல. கலந்த பிறகு பாதியைக் கொட்டினால் மருந்தில் பாதியும் சேர்ந்து போய்விடும். பெற்றோர் அடிக்கடி செய்யும் பிழை இதுவே. இந்த வயதில் பாதுகாப்பு சீக்கிரம் குறைந்துவிடும், 6 மாதத்திலேயே ஊக்கத் தவணை தேவை. வாக்ஸ்கோராவிலும் 6 வயதுக்கு உட்பட்டோருக்கு 100 மில்லியில் 50 மில்லியைக் கொட்டிவிட்டுத்தான் கிருமிப் பொடியைச் சேர்க்க வேண்டும்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் கொடுக்காதீர்கள். தேறிய பிறகு கொடுக்கலாம்.

மனைவிக்கு: கர்ப்ப காலத்தில் காலரா வந்தால் கருவை இழக்கும் ஆபத்து பெரிது. போயே ஆக வேண்டும், அங்கே பரவலும் இருக்கிறது என்றால் செத்த கிருமி மருந்து கொடுப்பதைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசலாம். தள்ளிப்போட முடிகிற பயணமாக இருந்தால் மருந்தைவிடப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. பாலூட்டும் தாய் செத்த கிருமி மருந்தைக் குடிப்பதில் தடையில்லை.

டைபாய்டு, மஞ்சள் காய்ச்சல் எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

ஊசியாகப் போடுபவற்றோடு பிரச்சினை இல்லை. டைபாய்டுக்கு விழுங்கும் மாத்திரை எடுப்பதாக இருந்தால் மட்டும் கவனம். அந்த மாத்திரை வயிற்றைக் கடந்து குடலில் போய்த்தான் உடைய வேண்டும். காலரா மருந்தின் பொடி அமிலத்தைத் தணிப்பதால் அதன் மேலுறை வயிற்றிலேயே கரைந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே 8 மணி நேரமாவது விடுங்கள்.

5 நாளில் விமானம். இப்போது குடித்துப் பயன் உண்டா?

டுகோரல் முறைப்படி முடிய குறைந்தது ஒரு வாரம், அதன்பின் பாதுகாப்பு வர இன்னொரு வாரம். வாக்ஸ்கோராவுக்கு 10 நாள். எதுவும் உங்கள் விமானத்துக்கு முன் முழுமையாக வேலை செய்யாது. போய் இறங்கியதுமே ஆபத்தான இடத்துக்குப் போகிறவருக்கு இது பெரிய குறை. முதல் பத்து நாள் தலைநகரில் இருந்துவிட்டு அப்புறம் உள்நாட்டுக்குப் போகிறவருக்கு இப்போது குடிப்பதில் பொருள் இருக்கிறது. பயணத்துக்கு 4 வாரம் முன்பாவது மருத்துவரைப் பார்த்துவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

பயணத்தில் வரும் சாதாரண வயிற்றுப்போக்கையும் இது தடுக்குமா?

அதற்காக வாங்காதீர்கள். ஈ.கோலை கிருமியின் ஒரு வகை வெளியிடும் நச்சு காலரா நச்சைப் போலவே இருப்பதால், B பகுதி உள்ள டுகோரல் அதற்கு எதிராகச் சில மாதங்களுக்குச் சற்று உதவும். பயண வயிற்றுப்போக்குக்கு வேறு கிருமிகளும் வைரஸ்களும் காரணமாகின்றன, அவற்றிடம் இது செல்லாது.

காலராவிலேயே ஒரு வரம்பு உண்டு. இன்றைய பரவல்களுக்குக் காரணம் காலராக் கிருமியின் O1 வகை. எல்லா மருந்துகளும் அதற்கு எதிரானவை. O139 என்னும் வகை 1992இல் தலைகாட்டியது. ஷான்கோல், யூவிகோல்-பிளஸ் மருந்துகளில் அதுவும் சேர்ந்திருக்கிறது. டுகோரலும் வாக்ஸ்கோராவும் அதைத் தொடுவதில்லை. பயணிக்கு இதனால் நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை.

தடுப்பு மருந்துக்குப் பதிலாக, அங்கே இருக்கும்வரை தினமும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் என்ன?

கூடாது. காலராவைத் தடுக்க அப்படிச் சாப்பிடுவதை யாரும் பரிந்துரைப்பதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளை வளர்க்கத்தான் அது உதவும்.

மருந்து குடித்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்? கையில் என்ன இருக்க வேண்டும்?

உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். தடுப்பு மருந்தை வாங்கிவிட்டு இதை மறந்து போகிறவர்கள் முன்னுரிமையைத் தலைகீழாக்குகிறார்கள் என்றுதான் சொல்வோம். காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். சிகிச்சை கிடைக்காத கடும் காலராவில் பாதிப் பேர் இறக்கலாம், சரியாக நீரேற்றினால் இறப்பு 100க்கு 1க்கும் கீழே வந்துவிடும். எந்தத் தடுப்பு மருந்தும் இந்த அளவுக்குச் செய்ததில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர போங்கான் அகதி முகாமில் நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம்களில் கரைசலைக் கலந்து உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். இறப்பு விகிதம் மளமளவென்று இறங்கியது.

ஒரு லிட்டர் பொட்டலத்தில் இருப்பது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸ் சுவைக்காகச் சேர்த்ததல்ல. காலராவிலும் குடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உறிஞ்சப்படும் வழி கெடாமல் இருக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகும். அதனால்தான் வெறும் தண்ணீரோ வெறும் உப்புத் தண்ணீரோ ஈடாகாது. குளிர்பானமும் ஆகாது, அதிகச் சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும்.

பொட்டலத்தின் மேல் 200 மில்லியா, 1 லிட்டரா என்று பாருங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்து ரத்தத்தில் சோடியம் ஏறிப்போய் வலிப்பு வரை போகலாம். "கொஞ்சம் இப்போது, மீதி அப்புறம்" என்று பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது, பொடிகள் சீராகக் கலந்திருக்காது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். பொட்டலமே கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதிகமாவதைவிடச் சற்றுக் குறைவது மேல்.

ஒவ்வொரு முறை போன பிறகும் பெரியவர்கள் 200 முதல் 400 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200, அதற்குக் கீழே 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

அரிசி கழுவிய நீர் போல, பெரிய வலியோ காய்ச்சலோ ரத்தமோ இல்லாமல் கொட்டுகிறது என்றால் கரைசலைக் குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கண் குழிவிழுதல், கிள்ளிய தோல் மெதுவாகப் படிதல், சிறுநீர் நின்றுபோதல், கெண்டைக்காலில் பிடிப்பு, மயக்கம் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். அங்கே நரம்பு வழியே ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை ஏற்றுவார்கள். கிருமி அங்குள்ள மருந்துக்குக் கட்டுப்படுமானால் பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 300 மில்லிகிராம் ஒரே தவணை தருவது வழக்கம். அது நோயின் காலத்தைக் குறைக்கும் துணை மருந்து மட்டுமே. போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையைக் காலராச் சந்தேகம் இருக்கும்போது தொடவே வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்க வைக்க வசதியில்லாத இடம். துணியில் வடிகட்டினால் போதுமா? ஐஸ் போட்டுக் குடிக்கலாமா?

ஐஸ் வேண்டாம். உறைவதால் கிருமி சாகாது.

துணி வடிகட்டலை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. வங்கதேசத்தின் மட்லப் பகுதிக் கிராமங்களில் பழைய சேலையை நான்காக மடித்துக் குளம், ஆற்று நீரை வடிகட்டியபோது காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், துணி அவற்றைப் பிடித்துவிடுகிறது. ஆனால் பாதி என்பது பாதிதான். தனியே நீந்தும் கிருமியைத் துணி பிடிக்காது. கலங்கல் நீரை முதலில் துணியில் வடிகட்டி, பிறகு குளோரின் மாத்திரையை அதன் உறையில் சொன்ன அளவில் போட்டு 30 நிமிடம் விடுங்கள். கலங்கலோடு போட்டால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். கொதிக்க வைக்க முடிந்தால், தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம். பல் தேய்க்கவும் அதே தண்ணீர்.